சட்டத்துக்கு வெளியே நின்றவர்

முதுகலை இரண்டாம் வருஷம், ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலை நேரம். காங்கேயத்துக்கும் சென்னிமலைக்கும் நடுவே எங்கள் ஊர்ப் பக்கத்து மேய்ச்சல் நிலமான கொறங்காடு ஒன்றில், ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் மரச்சட்டத்தைத் தரையில் போட்டு, அதற்குள் என்னென்ன புல், எத்தனை தூர், எவ்வளவு உயரம் என்று குறித்துக்கொண்டிருந்தேன். கிளுவை வேலிக்கு அந்தப் பக்கம் இட்டேரியில், அதாவது வேலிகளுக்கு நடுவே போகிற பாதையில், ஏழெட்டு வெள்ளாடுகளோடு ஒரு பெரியவர் நின்று ரொம்ப நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "அம்மிணி, நீங்க ஒன்னுன்னு எழுதறது ரெண்டு சாதிப் புல்லுங்க."

குனிந்து பார்த்தால் அவர் சொன்னது சரி. கொழுக்கட்டைப் புல்லிலேயே இரண்டு. ஒன்றின் கதிர் பூனைவால் மாதிரி மெத்தென்று இருக்கிறது, இன்னொன்று விரலில் லேசாக உறுத்துகிறது. மூன்று வாரமாக எழுதி வைத்திருந்த கணக்கு முழுவதையும் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. உள்ளே வந்து மற்றதையும் பார்த்துச் சொல்லுங்கள் என்று கூப்பிட்டேன். அவர் வரவில்லை. "படலத் தாண்டி வந்தா பண்ணாடி சத்தம் போடுவாருங்க" என்றார். அந்தப் பண்ணாடி, காட்டுக்குச் சொந்தக்காரர், என் பெரியப்பா.

வெளியூர்க்காரர்களுக்காகக் கொறங்காட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். காங்கேயம், தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில் பக்கமெல்லாம் மழை குறைவு, வருஷத்துக்கு 600 மில்லிமீட்டர் வந்தால் நல்ல வருஷம். கிணறும் வாய்க்காலும் எட்டாத காடுகளை எங்கள் முன்னோர்கள் உழுது பாழாக்காமல் மேய்ச்சலுக்கென்றே விட்டார்கள். கீழே கொழுக்கட்டைப் புல், மேலே அங்கங்கே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி. காட்டைப் பாகம் பாகமாகப் பிரித்து ஒரு பக்கம் மேய விட்டு மறுபக்கத்தை ஆற விடுவார்கள். வெள்வேலங்காயை ஆடு தின்னும், அதன் வயிற்றில் போய் வந்த விதை நன்றாக முளைக்கும், வேலியில் கௌதாரியும் கீரியும் குடியிருக்கும். காங்கேயம் மாடு உருவானதே இந்த நிலத்தில்தான். இதை உலகத்துக்கே பாடமாகச் சொல்லலாம் என்று நான் இன்றும் நம்புகிறேன். ஆனால் கொறங்காடு பட்டா நிலம். அதற்குச் சொந்தக்காரர் உண்டு, சொந்தக்காரருக்குச் சாதி உண்டு. அந்த வரி என் ஆய்வு முன்மொழிவில் எங்கேயும் இல்லை.

கோவையில் நான் படித்த கல்லூரியில் சூழலியல்தான் முதன்மைப் பாடம். அதோடு விருப்பப் பாடமாகச் சமூகநீதி ஒன்று, சமூகப் புத்தாக்கம் என்று ஒன்று எடுத்திருந்தேன். திங்கள்கிழமை புள்ளியியல், செவ்வாய்க்கிழமை நிலமும் சாதியும், வியாழக்கிழமை மக்களோடு சேர்ந்து தீர்வு கண்டுபிடிப்பது என்று தனித்தனி நோட்டு, தனித்தனி ஆசிரியர்கள். ஒன்றை இன்னொன்றோடு முடிச்சுப் போட யாரும் சொல்லித் தரவில்லை, எனக்கும் தோன்றவில்லை. முதல் அறிக்கையில் நான் எழுதியது இதுதான்: கொறங்காட்டுக்குள் புல் அடர்த்தி அதிகம், இட்டேரியிலும் புறம்போக்கிலும் மிகக் குறைவு, காரணம் மட்டுமீறிய மேய்ச்சல். எண் எல்லாம் சரியாக இருந்தது. வழிகாட்டி ஆசிரியர் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இட்டேரியில் மேய்க்கிறவர் ஏன் இட்டேரியில் மேய்க்கிறார்?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனதில்தான் நான் சூழலியல் படித்தேன் என்று சொல்வேன். நிலமில்லாத வீட்டு ஆடுகள் எல்லாம் ஒடுங்கி ஒடுங்கி அந்தப் பன்னிரண்டடி இட்டேரிக்குள் வந்து சேர்ந்திருந்தன. இட்டேரியில் புல் இல்லாமல் போனதற்கு ஆட்டைக் குறை சொல்வது, பேருந்தில் நிற்க இடமில்லாததற்கு நிற்கிறவரைக் குறை சொல்வது போலத்தான். யாருக்கு எந்த நிலத்தில் கால் வைக்க அனுமதி என்பதைச் சேர்க்காவிட்டால் என் புல் கணக்கு பாதிக் கணக்கு. இது இரக்கத்துக்காகச் சொல்வதில்லை. காரணத்தைத் தப்பாக எழுதினால் அறிவியலே தப்பு.

அன்றிலிருந்து என் களக் குறிப்பேட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் வலது ஓரத்தில் ஒரு கோடு போட்டு "யாருக்கு" என்று எழுதிக்கொள்வேன். கிணறு என்றால் யார் இறைக்கலாம். மரம் என்றால் யார் காய் பொறுக்கலாம், யார் விறகு வெட்டலாம். பாதை என்றால் யார் செருப்புப் போட்டு நடந்தார்கள், எந்த வருஷம் வரை நடக்க முடியவில்லை. நீங்கள் களத்துக்குப் போகிற மாணவர் என்றால் முதல் நாளே அந்தக் கோட்டைப் போட்டுவிடுங்கள், பிற்பாடு சேர்க்க முடியாது, நான் ஏழு மாதத் தரவைத் திரும்ப எடுத்தேன்.

பேச்சு விஷயம் ஒன்று. அந்தப் பெரியவர் அருந்ததியர். என்னைவிட நாற்பது வயது மூத்தவர், எனக்கு வார்த்தைக்கு வார்த்தை "ங்க" போடுகிறார். எங்கள் தெருவில் பத்து வயசுப் பையன் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறான், கேட்டு வளர்ந்த எனக்கு அது ஒரு நாளும் உறுத்தியதில்லை. அவரை என்ன முறை வைத்துக் கூப்பிடுவது என்று இரண்டு நாள் யோசித்து, "ஐயா" என்று கூப்பிட ஆரம்பித்தேன். முதலில் அவர் கூசினார், பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தார். ஒரு மாதம் போனது. அதற்கு முன்னால் எதைக் கேட்டாலும் "ஆமாங்க, அப்படித்தானுங்க" என்று வந்த பதில், அப்புறம் "இல்லீங்க அம்மிணி, அது தப்பு" என்று வர ஆரம்பித்தது. தரவின் தரம் என்று வகுப்பில் சொல்வார்களே, எனக்கு அது இங்கே தொடங்கியது. ஆமாம் மட்டும் சொல்கிறவரிடம் எடுத்த நேர்காணலை நான் இப்போது கணக்கில் சேர்ப்பதில்லை.

எங்கே உட்கார்ந்து பேசுகிறோம் என்பதும் அப்படித்தான். கோயில் வேப்பமரத்து மேடையில் கூட்டம் போட்டால் காலனிக்காரர்கள் ஓரத்தில் நிற்பார்கள், நின்றுகொண்டு யாரும் மனசில் இருப்பதைச் சொல்ல மாட்டார்கள். நான் காலனிக்குப் போனேன். கொடுத்த காப்பியைக் குடித்தேன். எங்கள் வீட்டில் அம்மா ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை. பெண்களைப் பார்க்க வேண்டுமென்றால் நூறு நாள் வேலை முடிந்து, தண்ணீர் பிடித்து, சோறு வைப்பதற்கு முன்னால் ஒரு அரைமணி நேரம் கிடைக்கும், அதுவும் விளக்கு வைக்கிற நேரம். காலை பத்து மணிக்குக் கேள்வித்தாளோடு போகிற ஆய்வில் ஏன் எப்போதும் ஆண்கள் மட்டுமே இருக்கிறார்கள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

செலவில்லாத, நிறையக் கற்றுத்தந்த ஒரு வேலை வரைபடம். கோலமாவைக் கொடுத்து, வாசலில் உங்கள் ஊரை வரையுங்கள் என்று கேட்பது. எங்கள் தெரு ஆண்கள் வரைந்ததில் கிணறு, தோப்பு, கோயில், ரோடு. காலனிப் பெண்கள் வரைந்ததில் விறகு கிடைக்கிற இடம், தண்ணீர்க் குழாய், அது எந்தெந்த நாளில் வரும், இருட்டினால் போகக் கூடாத முடுக்கு, ஆடு நுழைந்தால் பிடித்துக் கட்டிப்போடுகிற தோப்பு. கிழக்கே ஒரு இடத்தை வட்டமிட்டு "இது முந்தி எல்லாருக்கும்" என்றார் ஒரு பாட்டி.

அந்த வட்டத்தைத் தேடிப் போனதில் வீட்டுக்குள்ளேயே பிரச்சினை வந்தது. கிராமத்து நில விவரம் எழுதியிருக்கிற 'அ' பதிவேட்டில் அந்தப் புல எண் மேய்க்கால் புறம்போக்கு, அதாவது பொது மேய்ச்சலுக்கான அரசு நிலம், பதினோரு ஏக்கர். இதையெல்லாம் இப்போது அரசின் இணையச் சேவையிலேயே பார்க்கலாம், புல வரைபடமும் எடுக்கலாம். கிடைக்காததற்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது, பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். வெள்ளைத்தாளில் கையால் எழுதினாலே போதும், ஒரு மனுவில் ஒரு விஷயத்தை மட்டும் கேளுங்கள், "ஏன்" என்று கேட்காமல் "நகல் தரவும்" என்று கேளுங்கள். நான் போய் அளந்து பார்த்தால் தரையில் மிச்சம் இரண்டு ஏக்கர் சொச்சம். மற்றதெல்லாம் நாலைந்து தோப்புகளுக்குள் போயிருந்தது. ஒரு துண்டு பெரியப்பாவுடையது, இருபது சென்ட் எங்கள் தென்னந்தோப்பு.

அப்பாவிடம் வரைபடத்தைக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டார். அடுத்த கோடையில் கம்பிவேலி மாற்றும்போது இருபது சென்ட்டை வெளியே விட்டுக் கல் நட்டார், அதைப் பற்றி இன்று வரை என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. பெரியப்பா வீட்டோடு போக்குவரத்து நின்றுவிட்டது. சமூகநீதியைப் பாடமாகப் படிக்கும்போது அது பிறத்தியார் செய்த தவறுகளின் பட்டியல் போலத்தான் தெரியும். சொந்த ஊரில் ஆய்வு செய்கிறவர்கள் இந்த விலையை முன்கூட்டியே எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள், நான் எண்ணவில்லை. ஆனாலும் திரும்ப ஒரு தடவை வாய்ப்புக் கிடைத்தால் இதைத்தான் செய்வேன்.

தண்ணீர்க் கதை இன்னும் நீளம். நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர் தாண்டி எங்கள் பக்கமாக வந்து கரூர் மாவட்டத்து நொய்யல் என்கிற ஊரில் காவிரியில் சேர்கிறது. ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்காக 1992-இல் வந்தது, கொஞ்ச வருஷத்திலேயே திருப்பூர்ச் சாயத் தண்ணீர் தேங்குகிற குட்டையாகிவிட்டது. பருத்தித் துணியில் சாயம் ஏறுவதற்கு உப்பு நிறையப் போட வேண்டும், அந்த உப்பு துணியில் தங்காது, தண்ணீரோடு வெளியே வரும். சாதாரணச் சுத்திகரிப்பு நிறத்தையும் நாற்றத்தையும் குறைக்கும், கரைந்த உப்பை எடுக்காது. அந்தத் தண்ணீர் பாய்ந்த களிமண்ணில் சோடியம் ஏறி மண் இறுகி, மழைநீர் கூட உள்ளே இறங்காமல் போகும். விவசாயிகள் வருஷக்கணக்கில் வழக்கு நடத்தி, 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதற்கப்புறம்தான் கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல், எதிர்ச் சவ்வூடு பரவலில் (ஆர்.ஓ.) வடித்து, மிச்சத்தைக் காய்ச்சி உப்பைத் திரும்ப எடுக்கிற முறை உண்மையிலேயே அமலுக்கு வந்தது.

வகுப்பில் இதை வெற்றிக் கதையாகப் படித்தோம், வெற்றிதான், அந்த விவசாயிகளுக்கு நான் கடன்பட்டவள். ஆனால் என் ஓரக் கோட்டில் எழுதிப் பார்த்தால் வேறு சிலதும் தெரிகிறது. இழப்பீடு ஏக்கர் கணக்கில் வந்தது, பட்டா வைத்திருந்தவருக்கு வந்தது. அதே காட்டில் களை எடுத்துப் பிழைத்து, காடு உப்பானதும் வேலை போனவருக்கு ஏக்கர் எது? பட்டறை மூடிய மாதங்களில் கூலி இல்லாமல் நின்றவர்களில் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். என் சித்தப்பா பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், அந்த வருஷம் அவர் வீட்டில் நகை அடகுக்குப் போனது எனக்கு நினைவிருக்கிறது. ஆறும் வேண்டும், வேலையும் வேண்டும் என்று சொல்கிறவர்களை வகுப்பில் சிலர் குழப்பவாதி என்பார்கள். நான் அந்தக் குழப்பத்தோடுதான் இருக்கிறேன்.

எங்கள் காலனி ஆழ்துளைக் கிணறு பழைய ஓடைக்கரையில் இருக்கிறது. தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பைக் காட்டும் டி.டி.எஸ் மீட்டர் ஒன்று வாங்கிக்கொண்டு போய் அளந்தேன். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. கோடையில் அது 2,000-ஐத் தாண்டியது. ஊருக்குள் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துத் தண்ணீர் வருகிறது, குழாயின் கடைசியில் இருக்கிற காலனிக்கு அழுத்தம் பத்தாமல் வருவதில்லை. அளக்கப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள்: மோட்டார் போட்டு ஐந்து நிமிஷம் ஓடவிட்டு அப்புறம் பிடியுங்கள், மாதாமாதம் தெரிந்த கரைசலில் மீட்டரைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், தேதியும் நேரமும் எழுதுங்கள். இந்த மீட்டர் உப்பின் மொத்த அளவை மட்டும் சொல்லும். ஃபுளோரைடு, நைட்ரேட், கிருமி எதையும் சொல்லாது, அதற்குக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்துக்குப் பாட்டிலில் கொண்டுபோக வேண்டும். அளந்த எண்ணை நான் நோட்டில் மட்டும் வைத்துக்கொள்ளாமல் அங்கேயே தொட்டிச் சுவரில் சுண்ணாம்பில் எழுதச் சொன்னவர்கள் காலனிப் பெண்கள்தான். மூன்றாவது மாதத்திலிருந்து எட்டாம் வகுப்புப் படிக்கிற ஒரு பொண்ணு அளக்க ஆரம்பித்தாள். ஒரு வருஷத்து எண்களை வரிசையாக எழுதிய பேப்பரோடு கிராம சபைக்குப் போனோம். வருஷத்தில் ஆறு நாள் கூடுகிறது, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மானத்தை எழுதி முடித்து, சத்தமாக வாசித்த பிறகுதான் கையெழுத்துப் போடுவோம் என்று பெண்கள் உட்கார்ந்துவிட்டார்கள். இதை நான் எந்தப் பாடத்திலும் படிக்கவில்லை. வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கிப் பழகிய ஊரில் அது பெரிய காரியம். குழாய்க்கு இடையில் ஒரு தொட்டி கட்டினார்கள், இப்போது வாரத்தில் இரண்டு நாள் வருகிறது. போதாது, ஆனால் வருகிறது.

சீமைக் கருவேலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், எங்கள் பக்கம் வேலிகாத்தான் என்போம். நான் படித்த சூழலியல் அதை வேரோடு பிடுங்கச் சொல்கிறது, புல்லை எழவிடாது, நானும் மரச்சட்டம் போட்டு அளந்து பார்த்திருக்கிறேன். மிச்சமிருந்த இரண்டு ஏக்கர் மேய்க்காலும் அதுதான் மூடிக் கிடந்தது. ஜேசிபி வைத்து ஒரே நாளில் சுத்தம் செய்துவிடலாம் என்று பஞ்சாயத்தில் சொன்னபோது நான் சந்தோஷமாகத் தலையாட்டினேன். காலனியில் ஒரு அக்கா கேட்டார், "அடுப்புக்கு என்னங்க பண்ணறது? ஆட்டுக்குக் கோடையில அந்தக் காயி ஒன்னுதானுங்க இருக்குது." சிலிண்டர் இருக்கிற வீட்டிலும் அதை நிரப்பக் காசு இல்லாத மாதங்கள் இருக்கின்றன. சரி என்று உட்கார்ந்து பேசி, நாலு வருஷத்தில் நாலு துண்டாக எடுப்பது, வெட்டின விறகு வெட்டினவருக்கே, ஒரு துண்டில் புல் நின்ற பிறகுதான் அடுத்த துண்டு என்று முடிவானது. புத்தகப்படி பார்த்தால் அந்த மரத்தை விட்டு வைப்பது தப்பு, பிடுங்கிய இடத்தில் திரும்ப விதை விழும். விழுகிறது, வருஷா வருஷம் கையால் பிடுங்குகிறார்கள். மெதுவான வழிதான் இங்கே சரியான வழி என்று நினைக்கிறேன்.

புத்தாக்கம் என்ற பாடத்துக்கு நான் முதலில் கொண்டுபோனது ஒரு செல்போன் செயலி, எந்த இடத்தில் எவ்வளவு புல் இருக்கிறது என்று காட்டும். மதிப்பெண் நன்றாகத்தான் வந்தது. ஆடு மேய்க்கிறவருக்குப் புல் இருக்கிற இடம் தெரியாமல் இல்லை, அங்கே போக முடியாததுதான் பிரச்சினை. அதைக் கைவிட்டேன். அந்த மேய்க்காலில் கொழுக்கட்டைப் புல் போட்டு, மகளிர் குழுவே காத்து, அறுத்துப் பங்கிட்டுக்கொள்வது என்பது அவர்கள் யோசனை. தீர்மானம், தாசில்தார் அலுவலகம், மனு, மறுபடி மனு என்று ஒன்றரை வருஷம் போனது.

அதில் நான் செய்த தவறு, கார்த்திகையில் உருவின விதையை அப்போதே தூவியது. நூற்றுக்குப் பத்து கூட முளைக்கவில்லை. வரைபடத்தில் வட்டமிட்ட அந்தப் பாட்டி முன்கூட்டியே சொன்னார், "புது வெதை தூங்குமுங்க, போட்டா வராது, அடுத்த ஆடிக்குப் போடுங்க." நான் மழை ஈரம் போய்விடும் என்று கேட்கவில்லை. அப்புறம் தாவரவியல் புத்தகத்தைப் பார்த்தால் அந்தப் புல்லின் விதைக்கு உறக்க காலம் உண்டு, சில மாதம் உலர்வாக இருந்தால்தான் நன்றாக முளைக்கும் என்று எழுதியிருக்கிறது. விதை பஞ்சு மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், கையில் சீராக விழாது, அதற்கும் அவரே வழி சொன்னார், செம்மண்ணும் சாணியும் கலந்து சின்ன உருண்டையாகப் பிடித்து நிழலில் உலர்த்திப் போடுவது. அடுத்த ஆடியில் போட்டோம். ஐப்பசியில் முழங்கால் உயரம் நின்றது.

நின்றதும் சண்டை வந்தது. ஊருக்குள்ளிருந்து இரண்டு வீட்டு மாடுகள் ராத்திரியில் அவிழ்த்து விடப்பட்டன, கேட்டதற்கு "மேய்க்கால் எல்லாருக்கும்தானே" என்றார்கள். ஒன்பது ஏக்கர் தோப்பாகப் போனபோது யாரும் சொல்லாத வார்த்தை அது. பெண்கள் காவலுக்கு ஆள் போட்டார்கள், கிளுவைக் குச்சி நட்டு வேலி வைத்தார்கள், ஊர்க்காரர்களிலும் மாடு ஒன்றிரண்டு மட்டும் வைத்திருக்கிற ஏழை வீடுகளுக்கு ஒரு பங்கு என்று அவர்களே முடிவெடுத்தார்கள். அந்த முடிவை நான் சொல்லியிருந்தால் எடுபட்டிருக்காது.

இப்போது பஞ்சாயத்தில் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதுகிற வேலை நடக்கிறது, ஊரில் இருக்கிற செடி, விலங்கு, அவற்றைப் பற்றி மக்களுக்குத் தெரிந்தது எல்லாம் அதில் வரும். பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் 2002 ஒவ்வொரு உள்ளாட்சியிலும் ஒரு மேலாண்மைக் குழுவும் பதிவேடும் வேண்டும் என்கிறது, பல இடங்களில் அதைப் பக்கத்து ஊரைப் பார்த்து எழுதி முடித்துவிடுகிறார்கள். நீங்கள் சூழலியல் படித்துவிட்டு உங்கள் ஊருக்கு ஏதாவது செய்ய நினைத்தால் அந்தப் பதிவேட்டைப் போய்ப் பாருங்கள், காலனியில் இருக்கிற எத்தனை பேரின் பெயர் அதில் இருக்கிறது என்று பாருங்கள். எங்கள் பதிவேட்டில் புல் பகுதிக்குத் தகவல் தந்தவர் பெயராக அந்த ஐயாவின் பெயரும் பாட்டியின் பெயரும் இருக்கிறது. ஆட்டுக்குக் கொடுக்கிற இரண்டு மருந்தை மட்டும் எழுத வேண்டாம் என்றார் ஐயா, எழுதவில்லை.

இந்த ஆடிக்கு மூன்றாவது துண்டு. போன வருஷத்து விதை நாலு சாக்கு மகளிர் குழுக் கட்டடத்தில் கிடக்கிறது, செம்மண் ஒரு டிராக்டர் லோடு வந்து இறங்கியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை உருண்டை பிடிக்கப் போகிறோம்.